நீந்தி வந்தவன்

உல்லாசக் கப்பல் கரையை விட்டு ஒரு வாரமாகியிருந்தது. ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. புருஷன் சாப்பிட்ட கையோடு குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அவள் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் ஒரு மத்தியானம், கப்பலுக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒருவன் நீந்தி வருவதைப் பார்த்தாள்.

ஓடிப்போய்க் கப்பல் அதிகாரியிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "நாம போற வேகத்துக்கு மனுஷன் நீந்தி வர முடியுமாம்மா? ஏதாவது பெரிய மீனா இருக்கும்."

மறுநாள் அவன் இன்னும் கிட்டத்தில் வந்திருந்தான். அதற்கு மறுநாள் அவனுடைய சட்டைக் காலர்கூடத் தெரிந்தது. அவள் புருஷனை உலுக்கி எழுப்பினாள். அவரும் எட்டிப் பார்த்தார். அதற்குள் மேல்தளத்திலும் கூச்சல் கிளம்பிவிட்டது.

கப்பலை நிறுத்தினார்கள். இன்ஜின் சத்தம் அடங்கியது. படகை இறக்க ஆட்கள் ஓடினார்கள்.

"பயப்படாதே தம்பி, ஆள் வர்றாங்க!" என்று அவள் கத்தினாள்.

அவன் பால்கனிக்கு நேர் கீழே வந்ததும் தலையைத் தூக்கினான். அத்தனை வருஷ ஆஸ்பத்திரி வேலையில், எந்த நோயாளி முகத்திலும் அப்படியொரு பயத்தை அவள் கண்டதில்லை.

"ஏன்க்கா நிறுத்தினீங்க?" என்று அழுதான்.

இறங்கிய படகைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கப்பலைத் தாண்டி முன்னைவிட வேகமாக நீந்திப் போனான்.

மேல்தளத்தில் கூச்சல் சட்டென்று நின்றது. புருஷன் அவள் கையை இறுகப் பிடித்தார். அவன் வந்த பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.