மூன்றாவது பேய்க்கு மயங்கியவர்

மூன்றாவது பேய் திரையில் குதித்து முடிப்பதற்குள், முன்வரிசையில் இருந்த ஏலக்காய் வியாபாரி மொக்கச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தார். "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் படம் ஓட்டுகிறவரே பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டார்.

சொந்த மாமனார் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பதைப் பார்த்து இப்படி ஆனந்தப்பட்ட மருமகனை போடிநாயக்கனூர் அதுவரை கண்டதில்லை. "பாத்தீங்களா சார்? பாத்தீங்கள்ல?" என்று டைரக்டர் தங்கபாண்டியன், மதுரையிலிருந்து படம் வாங்க வந்திருந்த ஞானதுரையின் தோளைப் பிடித்து உலுக்கினார். அதற்கப்புறம்தான் சோடாவுக்கு ஆள் அனுப்பினார்.

ஒரே டிக்கெட்டில் மூன்று பேய்க் கதை, மூன்றிலும் திகில், மூன்றிலும் சிரிப்பு. இப்படி ஒரு படத்தை உலகத்தில் எவனும் யோசித்ததில்லை என்பது தங்கபாண்டியனின் கருத்து. யோசித்தவன் புத்தி வந்து கைவிட்டிருப்பான் என்பது ஊரின் கருத்து.

மாமனார் கருத்தோடு நிற்கவில்லை. "இன்னைக்கு இந்தப் படத்தை யாரும் வாங்கலைன்னா, நாளையிலருந்து கிடங்குக்கு வந்துருங்க மாப்ளே. பொம்பளையாளுக கூட உக்காந்து காய் தரம் பிரிங்க" என்று சொல்லிவிட்டார். சினிமாவைத் திருத்தப் பிறந்த கை, சொத்தைக் காய் பொறுக்குவதா? அந்தப் பயத்தில்தான் தியேட்டரைக் காலை வேளையில் இரவல் வாங்கி, ஞானதுரைக்கு இந்தத் தனிக் காட்சி.

படம் தொடங்குமுன், ஞானதுரைக்கு வெற்றிலையை நீட்டியபடி மொக்கச்சாமி தன் துக்கத்தைச் சொன்னார்.

"படம் பாக்குற மனசே இல்லைங்க. போன மாசம் குரங்கணியில நம்ம ஏலக்காய் ஸ்டோருக்குள்ள யானை புகுந்து, உலத்தி மூட்டை கட்டி வச்சிருந்த காயைப் பூராம் மிதிச்சுப் போட்டுருச்சு. மாப்ளைதான் ஓடியாந்து சொன்னாரு."

"யானை தேவாரம் ஊருப் பக்கமில்ல எறங்கும்?"

"அதான் எனக்கும் வெளங்கலை. என்ன குத்தம் செஞ்சோமோன்னு பிள்ளையாருக்குச் சிதறுகாய் விட்டேன்."

"மாமா, கலையைப் பாக்க வந்தவருகிட்ட காயைப் பத்தியா பேசுறது?" என்று தங்கபாண்டியன் கடிந்துகொண்டார். விளக்கு அணைந்தது.

முதல் பேய், மலைப்பாதையில் பஸ் கூரைமேல் உட்கார்ந்து டிக்கெட் கேட்கிற கண்டக்டர் பேய். அது பயமுறுத்த வேண்டிய பேய், பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது, வீடுவீடாகக் கதவைத் தட்டிக் காப்பிக்குச் சர்க்கரை கேட்கிற பேய். அது சிரிக்கவைக்க வேண்டிய பேய். பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டார்கள்.

எல்லாப் பேயும் ராசிங்காபுரம் சுருளிவேல்தான். கையிருப்பு ஒரு பேய்க்குத்தான் இடம் கொடுத்தது. மீசையை எடுக்க மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதால், மூன்றாவது கதையின் மோகினிக்கும் மீசை இருந்தது.

ஞானதுரை குடையைத் தேடத் தொடங்கினார். தங்கபாண்டியனுக்கு வேர்த்துவிட்டது. அவர் காதருகே குனிந்து, "மூணாவதை மட்டும் பாத்துட்டுப் போங்க சார். அட்டை, காகிதம், மரத்தூளு அந்தச் சோலியே கிடையாது. எல்லாம் அசல்" என்றார்.

மோகினி வந்தது. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், காலில் சலங்கை. அடுக்கி வைத்த மூட்டைகளின் மேல் தாவி ஏறி, ஜல் ஜல்லென்று குதித்து ஆடியது. ஒரு மூட்டையைப் பிளந்து, உள்ளேயிருந்ததை மழையாக வாரி இறைத்தது. அந்த இடத்தில்தான் மொக்கச்சாமி விழுந்தார்.

"எத்தனை சந்தையில எத்தனை ஏமாத்துக்காரனைப் பாத்த மனுசன்! அவரே விழுந்துட்டாருன்னா மதுரைக்காரன் என்ன ஆவான்?" ஞானதுரை குடையைக் கீழே வைத்தார். "படம் எனக்குத்தான் தம்பி. வேற யாருகிட்டயும் பேசிறாதீங்க."

சுருளிவேல் மார்பை நிமிர்த்தினார். "நான் கண்ணை உருட்டுனேன் பாருங்கண்ணே, அதுல விழுந்துட்டாரு."

"உன் கண்ணு இல்லடா. நான் கேமராவை வச்ச எடம் அப்பிடி."

யாருடைய திறமையில் கிழவர் விழுந்தார் என்று இருவரும் வழக்காடிக்கொண்டிருந்தபோது சோடா வந்தது. பாதி முகத்துக்கு, பாதி தொண்டைக்கு. மொக்கச்சாமி மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"மாமா! ஒங்க புண்ணியத்துல படம் வித்துப்போச்சு மாமா!" தங்கபாண்டியன் அவர் காலைத் தொட்டே கும்பிட்டுவிட்டார். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு குனிந்ததில்லை.

ஞானதுரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, அந்தப் பேய்கிட்ட எதைப் பாத்து இப்பிடிப் பயந்தீங்க? சொல்லுங்க, அதையே நோட்டீசுல பெரிசா போட்டுர்றேன்."

மொக்கச்சாமி முகத்துச் சோடாவைத் துண்டால் நிதானமாகத் துடைத்தார். நின்றுபோன திரையைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"ஏம் மாப்ளே, நம்ம காயை மிதிச்ச யானை சலங்கையா கட்டியிருந்துச்சு?"