ரப்பர் முடி

கணவன் இறந்தபின் அமலோற்பவம் காரைத் தினமும் துடைத்தாளே தவிர, ஒரு நாளும் ஓட்டவில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை, மனம் வரவில்லை. கடைசியில் விற்றுவிடலாமென்று முடிவெடுத்து, டயரைப் பார்த்துச் சொல்ல டயர்க்கடை பாக்கியநாதனைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து விரலால் தடவினான்.

"தரையில படுற பட்டன் தேயவே இல்லக்கா. ஆனா பக்கமெல்லாம் வெடிச்சிருக்கு பாருங்க. ஓடிக் கெடல, நின்னே கெட்டிருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. "நாலையும் மாத்திடுங்க."

"விக்கிற வண்டிக்கு எதுக்குக்கா புதுசு?"

அவள் பணம் எடுக்க உள்ளே போனாள்.

புது டயர்களில் மெல்லிய ரப்பர் முடிகள் சிலிர்த்து நின்றன. பச்சைக்குழந்தையின் தலையைத் தடவுவதுபோல மகள் ரோஸி அவற்றைத் தடவினாள். "இதெல்லாம் வெட்டணுமாம்மா?"

"வேணாம். ஓட ஓடத் தானா தேஞ்சிடும்."

மறுநாள் இருவரும் கடற்கரைச் சாலை முழுக்கச் சுற்றிவிட்டுப் பொழுதுசாயத் திரும்பினார்கள். வாசலில் வண்டியை நிறுத்திய அமலோற்பவம், முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் தடவினாள். நடுவில் முடியெல்லாம் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் குத்தியது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னும் பாக்கி இருக்குடி. ஏறு."