சைவம் மட்டும்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் நீட்டிய தாளை மாசிலாமணி இரண்டு முறை படித்தார். அவர் மனைவி எஸ்தரின் சிறுநீரில் இறைச்சிக்குரிய அமினோ அமிலம் இருப்பதாக, சோதனைக் கருவி பொருத்திய அவர்கள் வீட்டுக் கழிப்பறை ஐந்து நாளாகச் சங்கத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தது. இது சைவக் குடியிருப்பு. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

எஸ்தரின் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரே வீடு அது. அதற்காகவே இருவரும் மீன் வாசனையைக்கூட மறந்திருந்தார்கள். ஆட்டுக்கால் சூப் கொடுங்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டபோதும், "வேணாங்க, வீடு போயிரும்" என்று எஸ்தர் அரை டம்ளர் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள்.

மாசிலாமணி தாளோடு பரிசோதனைக்கூடத்துக்கு ஓடினார். அங்கிருந்த பெண் எண்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"இது ஆடும் இல்ல, கோழியும் இல்ல சார். சாப்பாடு பத்தாம அவங்க உடம்பு தன்னோட சதையையே கரைச்சுத் தின்னுட்டு இருக்கு."

அதையே எழுதி வாங்கிவந்து செயலாளரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"பாவம்தான் சார். ஆனா சதைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே. யாரோட சதைன்னெல்லாம் நம்ம விதியில பிரிக்கல."

மாசிலாமணி கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எஸ்தர் குச்சியாகிவிட்ட தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"இது தெரிஞ்சிருந்தா அந்த சூப்பையாவது குடிச்சிருப்பேனேங்க."