ஒரே எண்ணில் இரண்டு

கொட்டகையில் இரண்டு சிவப்பு இத்தாலியப் பந்தயக் கார்கள் அருகருகே நின்றன. இரண்டின் அடிச்சட்டத்திலும் ஒரே எண் அடிக்கப்பட்டிருந்தது. ஒன்று நிச்சயம் போலி.

"உங்க வீட்டுக்காரர் ஓட்டின வண்டி இதுல எதுன்னு நீங்கதான் சொல்லணும், ரெஜினாம்மா," என்றார் வயிரவன். முதல் வண்டியை, விபத்துக்குப் பிறகு புதுப்பித்தது என்ற பேரில், அவர் வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தாராம். இரண்டாவது, அவருடைய வயதான அப்பா பல வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததாம்.

ரெஜினா முதல் வண்டியைச் சுற்றி வந்தாள். விளக்கு, சக்கரம், கதவு மூடும் சத்தம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இரண்டாவதும் அப்படியே. அதில் ஏறி உட்கார்ந்து இருக்கைக்கு அடியில் கைவிட்டாள். கிழிந்த தோலில் கறுப்பு நூல் தையல் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. பந்தயத்துக்கு முந்தின நாள், சிவப்பு நூல் கிடைக்காமல் அவளே தைத்தது.

மறுநாள் பந்தயத்தில் அவள் கணவன் வில்பிரட் வண்டியோடு எரிந்துபோனான் என்று வயிரவனின் அப்பாதான் வந்து சொன்னார். திறக்க வேண்டாம் என்று சொல்லி ஆணியடித்த பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அவள் அதைத்தான் புதைத்தாள். இந்த வண்டியிலோ நெருப்புப் பட்ட அடையாளமே இல்லை.

"என்னம்மா, ஏதாவது தெரியுதா?" வயிரவன் குனிந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருக்கும் தெரியுமோ? தெரிந்துதான் கூப்பிட்டாரோ?

அவள் கையை வெளியே எடுத்து முதல் வண்டியைக் காட்டினாள். "அதுதான்."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"அப்பா மாடியிலதானே இருக்கார்?" என்றபடி இறங்கினாள் ரெஜினா. "ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."