பாறை உச்சியில் மருத்துவ முகாம்

“இந்த ஊரில் நோய் என்பதே இல்லை!” என்று கொக்கு டாக்டர் மைக்கில் அறிவித்தபோதுதான், செவலை என்ற வெள்ளாடு மூச்சிரைக்கப் பாறையின் உச்சிக்கு வந்து சேர்ந்தது. காற்று நன்றாக வருகிறதென்று டாக்டரே கேட்டு வாங்கிய இடம் அது. ஏறி வரத் தெம்புள்ள மிருகங்கள் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தன. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன.

“ஐயா, என் குட்டிக்குக் கோமாரி. வாயெல்லாம் புண்ணு, காலை ஊன முடியல. கீழே பட்டியில கிடக்கு,” என்றது செவலை.

“இங்கே கூட்டிட்டு வா, பார்க்கறேன்.”

“நடக்க முடிஞ்சா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? நீங்க சிறகை விரிச்சா கீழே வந்துடலாம். மத்த குட்டிங்களுக்கும் நோய் ஒட்டறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுடலாம்.”

“நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா ஊசி?” டாக்டர் சிரித்தார். “நோய் வரட்டும். வந்ததும் ஏறி வரச் சொல்லு.”

முகாம் அமைப்பாளரான ஓணான் தலையாட்டியது. அது எதற்கும் தலையாட்டும். அந்தப் பதவி கிடைத்ததே அதனால்தான்.

“டாக்டரையே எதிர்த்துப் பேசுது பாரு, படிக்காத கழுதை!” என்றது ஒரு கொழுத்த கடா. கூட்டத்திலிருந்த கழுதைதான் அதற்கு அதிகமாகச் சிரித்தது.

பிறகு டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளை இறகின் மேல் சரிகை நன்றாகவே எடுபட்டது.

செவலை, பந்தல் தோரணத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலையைக் கவ்விக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கியது.