பூஞ்சாரல் லாட்ஜ் பொண்ணு

சீசன் தொடங்கியதும் குற்றாலிங்கம் தன் லாட்ஜுக்கு இன்டர்நெட் போன் போட்டார். நம்பர் ஒன்றுதான். மொபைலில் ஆப் இருந்தால் எங்கே இருந்தும் எடுக்கலாம். பேசுவதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவுகளை ஒன்று விடாமல் கேட்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

“ஏட்டி முத்துச்செல்வி, இதக் கேளு.”

ரிசப்ஷன் மேஜையில் மொபைலை வைத்தார்.

“அருவியில தண்ணி விழுதா?” என்றது ஓர் ஆண் குரல்.

“விழுது சார். ரூம் இருக்கு.” இது முத்துச்செல்வி.

“அவ்வளவுதானா? நேத்து சாயங்காலம் பூஞ்சாரல் லாட்ஜுக்குப் பேசினேன். எந்த அருவியில கூட்டம் கம்மி, பிள்ளைங்கள எங்க குளிக்க வைக்கலாம்னு அந்தப் பொண்ணு அழகா சொல்லுச்சு. அங்கேயே போறேன்.”

குற்றாலிங்கம் பதிவை நிறுத்தினார். “இந்த வாரத்துல அஞ்சாவது ஆளு. நீ ஏன் எண்ணி எண்ணிப் பேசுத?”

“நீங்க கேப்பீயளேன்னு நெனச்சாலே பேச்சு வரமாட்டேங்கு அண்ணாச்சி.”

“அவளுக்கு மட்டும் எப்படி வருது?”

“அங்கன பதிவு கிடையாது அண்ணாச்சி.”

அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற நிதானம் அவருக்கு இல்லை.

“நாளையிலருந்து நீ வரவேண்டாம். டபுள் சம்பளம் குடுத்தாவது அந்தப் புள்ளையக் கூட்டியாந்திருதேன்.”

மணி இரண்டு. முத்துச்செல்வி வேலை முடிந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவர் அவள் எதிரிலேயே பூஞ்சாரல் நம்பரை அழுத்தினார்.

கைப்பைக்குள் மொபைல் அடித்தது.

அவர் முகத்தைப் பார்த்தபடியே அவள் எடுத்தாள்.

“வணக்கம் சார், பூஞ்சாரல் லாட்ஜ். சொல்லுங்க, எத்தன பேரு வாறீங்க?”