தும்பி என்றொரு தோழி

"அந்தத் தும்பி உங்க பொண்ணுகிட்ட எப்பவாவது முகத்தைக் காட்டியிருக்காளா?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர் டீச்சர்.

"இல்ல மேடம்," என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

அந்தப் பள்ளிக்கூடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவன் அவன். வேலை முடிந்து கிளம்பும்போது, 'வீட்டில் பிள்ளைகளும் இணையமும்: எல்லாப் பெற்றோரும் வரலாம்' என்ற போர்டு கண்ணில் பட்டது. கருவிப் பையோடு கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முட்டியை மடக்கி வைத்திருந்ததில் கால் மரத்துப் போயிருந்தது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று டீச்சர் கேட்டதும் முதலில் கை தூக்கியவன் அவன்தான்.

"உங்க பொண்ணு அவ குரலையாவது கேட்டிருக்காளா?"

"இல்ல. போன்ல எழுத்துலதான் பேச்சு. ஏழாங்கிளாஸ் படிக்கிறேன், வேற ஊருன்னு சொல்லியிருக்கா. ஒரு வருஷம் ஆகப்போகுது."

"ஒரு வருஷமா!" முன் பெஞ்சு அம்மா ஒருத்தி முழுசாகத் திரும்பிவிட்டாள். "இது வரைக்கும் நீங்க என்ன சார் பண்ணிட்டு இருந்தீங்க?"

அவன் கருவிப் பையைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டான்.

"இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்லாதீங்க," என்று டீச்சர் அவளை அடக்கினாள். "அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. சொல்லுங்க சார், அந்தத் தும்பி என்னல்லாம் கேப்பா?"

"சாப்பிட்டியான்னு கேப்பா. கண்ணாடி பவர் ஏறிடுச்சா, டாக்டர்கிட்ட போனியான்னு கேப்பா. இருமறேன்னு சொன்னா, வெந்நீர் குடி, ஃபேனுக்கு அடியில படுக்காதேன்னு எழுதுவா."

"தோழி கேக்குற கேள்வியா இது? எங்க மாமியார் தோத்துடுவாங்க!" என்றாள் முன் பெஞ்சு அம்மா. வகுப்பறை சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "நல்லா யோசிங்க. பன்னெண்டு வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேரு உக்காந்து இருமலைப் பத்தியா பேசுவாங்க? அந்தப் பக்கம் இருக்கறது குழந்தை இல்ல சார். வளர்ந்த ஆளு. அநேகமா ஆம்பளை."

தனக்குள் ஏதாவது அசையும் என்று அவன் காத்திருந்தான். ஒன்றும் அசையவில்லை. யார் வீட்டுச் செய்தியோ காதில் விழுவது போலிருந்தது.

பக்கத்திலிருந்த வழுக்கைத்தலை அப்பா அவன் தோளைத் தட்டினார். "போலீஸெல்லாம் அப்புறம் சார். அந்தப் பொறுக்கியை ஒரே ஒரு நாள் என் கையில ஒப்படைங்க. தோலை உரிச்சுடறேன்."

"சரி சார்," என்றான்.

"வரிக்கு வரி சொல்றீங்களே, பொண்ணே காட்டினாளா?" என்றாள் டீச்சர்.

"காட்டல மேடம். ஆனா எல்லாம் தெரியும்."

"அவளுக்குத் தெரியாம எடுத்துப் படிச்சீங்களா? அதைப் பண்ணாதீங்கன்னுதான் அரை மணி நேரமா தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன்!"

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கியதும் அவன் மெதுவாகக் கேட்டான். "தப்பா ஒண்ணும் கேக்கல மேடம். போட்டோ கேக்கல. தனியா வான்னு கூப்பிடல. நல்ல மனுஷனாவும் இருக்கலாம் இல்லியா?"

"நல்ல மனுஷன்னா சொந்தப் பேர்ல வர வேண்டியதுதானே?" டீச்சர் இரண்டு பெஞ்சு தாண்டி அவனருகே வந்துவிட்டாள். "இவன் நல்லவன்னே வச்சுக்குவோம். நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி பாசமா எழுதுவான். இவன்கிட்ட பேசிப் பழகினவ அவனையும் நம்புவா. முகம் தெரியாதவன்கிட்ட மனசைத் திறக்க இவன் அவளைப் பழக்கி வச்சுட்டான் சார். அதைவிடக் கெடுதல் வேற என்ன வேணும்?"

அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டினான். சுரண்டினால் போகிற கிரீஸா அது?

"இப்ப என்ன பண்ணணும் மேடம்?"

"இன்னைக்கே அவ பக்கத்துல உக்காருங்க. போனைப் பிடுங்க வேண்டாம், திட்ட வேண்டாம். எடுத்துச் சொல்லி, அவ கையாலயே பிளாக் பண்ண வைங்க."

"அவ என்கூட இல்ல. அவ அம்மாகூட இருக்கா. நான் பார்த்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

"என் நம்பர் அங்க போகாது மேடம். ரெண்டு பேரு போன்லயும் பிளாக் பண்ணி வச்சிருக்காங்க."

டீச்சர் என்னவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் முன் பெஞ்சு அம்மா, "மேடம், எங்க வீட்டுப் பையன் கேம்ல நெசப் பணத்தைக் கொடுத்துப் பொய்த் துப்பாக்கி வாங்கறான் மேடம்!" என்று எழுந்துவிட்டாள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வராந்தாவில் ஆள் இல்லை. சுவரோரமாக நின்று, போனை எடுத்து மகளுக்கு எழுதினான்.

'தும்பி சின்னப் பொண்ணு இல்லம்மா. வளர்ந்த ஆம்பளை. இவ்வளவு நாளும் உன்கிட்ட பொய் சொல்லியிருக்கான். உடனே பிளாக் பண்ணிடு. முகம் தெரியாத யாரையும் இனிமே நம்பாதே.'

ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான். அழுகை வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. ஒரு ஸ்க்ரூவை முடுக்கி முடித்தது போலத்தான் இருந்தது.

திரையில் புள்ளிகள் ஆடின. நின்றன. மறுபடியும் ஆடின. மகளிடமிருந்து பதில் வந்தது.

'தும்பியை பிளாக் பண்ணிட்டா நான் உங்ககூட எப்படிப்பா பேசறது?'